அப்பாவுக்காகச் சர்க்கரை இல்லாத ஹெம்ப் விதை சாக்லேட்: சென்னை வெயிலில் செய்ய முடியுமா?

பெரம்பூர் வித்யா
மே 6, காலை 7:10

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது, ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வருடமாகச் சுகர். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். எட்டு மாதமாக மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையில் இருக்கிறார், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) 8.4-லிருந்து 6.9-க்கு வந்திருக்கிறது. சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் விட்டுவிட்டார். விட முடியாதது சாயந்தரம் நாலு மணி இனிப்பு மட்டும்தான். வேலைக்குப் போன காலத்தில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது சட்டைப் பையில் கடலை மிட்டாய் இருக்கும். இப்போதும் நாலு மணியானால் சமையலறை வாசலில் வந்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறார். வாய் திறந்து கேட்க மாட்டார். எனக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

கடையில் 'சுகர் ஃப்ரீ' என்று போட்ட சாக்லேட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 196. பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் மால்டிடால் என்ற மாற்று இனிப்பு இருந்தது. சரி, வீட்டிலேயே செய்யலாம் என்று இறங்கினேன். கொக்கோ பவுடர், தேங்காய் எண்ணெய், சர்க்கரைக்குப் பதிலாக எரித்ரிட்டால் என்ற இனிப்புத் தூள். ஃப்ரிட்ஜில் இருக்கும்வரை அழகாகத்தான் இருந்தது. தட்டில் எடுத்து வைத்தேன். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் குழம்பாகிவிட்டது. வாயில் போட்டால் நறநறவென்று மணல். அதோடு விக்ஸ் மிட்டாய் போல நாக்கில் ஒரு ஜில்லிப்பு.

இன்னொரு விஷயமும் கேட்கவேண்டும். சொந்தத்தில் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்முறை அனுப்பியிருந்தார். கன்னாபிஸ், அதாவது கஞ்சா சேர்த்த லோ-கார்ப் (மாவுச்சத்து குறைந்த) சாக்லேட்டாம், மூட்டு வலிக்கும் தூக்கத்துக்கும் நல்லதாம், வெளிநாட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்களாம். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, ராத்திரி மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார். கஞ்சாவை நான் வீட்டுக்குள் கொண்டுவரப் போவதில்லை. ஆனால் ஹெம்ப் விதை ஆன்லைனில் சட்டப்படியே கிடைக்கிறது, கார்ப் குறைவு என்று படித்து ஒரு பாக்கெட் வாங்கினேன். பார்சல் வந்த அன்றைக்கு அம்மா பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டியிருக்கிறார். "அது கஞ்சா விதை ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டான். கஞ்சா சாக்லேட் பறிமுதல் என்று பேப்பரில் வரும் செய்தி ஒன்று விடாமல் படிக்கிறவர் அம்மா. பாக்கெட் இப்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது.

இந்த விதை வேறு, அது வேறா? அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அப்புறம், கையில் எடுத்தால் கரையாத, மணல் இல்லாத சாக்லேட்டை நம் ஊரில் எப்படிச் செய்வது?


ஆதம்பாக்கம் ரவி
மே 6, காலை 8:02

தங்கச்சி, தேங்காய் எண்ணெய் உறைவது 24 டிகிரிக்குக் கீழேதான். மார்கழியில் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நிற்குமே, வருஷத்தில் அந்தக் கொஞ்ச நாள்தான் அது சென்னையில் கெட்டியாக இருக்கும். கத்திரி வெயிலில் அதை நம்பிச் சாக்லேட் செய்தால் நிற்காது. கொக்கோ பட்டர்தான் வேண்டும், அதாவது கொக்கோப் பருப்பிலிருந்து எடுக்கிற கொழுப்பு. மற்றதைக் கண்ணன் வந்து சொல்லுவார்.


கொக்கோ கண்ணன்
மே 6, மாலை 6:45

வித்யா, ரவி சொன்னது சரி. கொக்கோ பட்டரோடு தேங்காய் எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும்கூட உருகுநிலை இறங்கிவிடும். அதனால் அதை முழுசாக விட்டுவிடுங்கள். நான் பத்து வருடமாக வீட்டில் செய்து விற்கிறேன், பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராக விளைகிற கொக்கோவில். இதே தப்பை எல்லாம் நானும் செய்து கடந்தவன்தான், நிதானமாகப் படியுங்கள்.

முதலில் கொக்கோ பவுடரை மறந்துவிட்டு கொக்கோ மாஸ் வாங்குங்கள். பருப்பை வறுத்து அரைத்து எதையும் எடுக்காமல் அப்படியே கட்டியாக்கியது அது. 100 சதவீத டார்க் என்று விற்பதும் இதுவேதான். நூறு கிராமில் கொழுப்பு 52 கிராம். கார்ப் 28, அதில் நார்ச்சத்து 17 கழிந்துவிடும், மிச்சம் 11. இந்த நூறு கிராம் மாஸுக்கு 30 கிராம் கொக்கோ பட்டர், 30 கிராம் எரித்ரிட்டால், 40 கிராம் ஹெம்ப் விதை, ஒரு சிட்டிகை உப்பு. மொத்தம் 200 கிராம், 20 துண்டு வரும். விதையில் வருகிற 2 கிராமையும் சேர்த்தால் எல்லாத்துக்குமாக 13 கிராம் கார்ப், துண்டுக்கு முக்கால் கிராம்கூட இல்லை. கலோரி மட்டும் துண்டுக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் போகும், அதை மறக்காதீர்கள்.

மணல் விஷயம். எரித்ரிட்டால் கொழுப்பில் கரையாது. சர்க்கரையும் கரையாதுதான். கடைச் சாக்லேட்டில் நறநறப்பு இல்லாததற்குக் காரணம் அரைப்பு. 30 மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால் நாக்குக்குத் துகள் தெரியாது. மிக்ஸி அந்த அளவுக்கு இறக்காது. இறக்குவது கல். உலகம் முழுக்கச் சின்ன அளவில் சாக்லேட் செய்கிறவர்கள் கருங்கல் உருளை வைத்த ஒரு கிரைண்டர் வைத்திருப்பார்கள். அது நம் இட்லி மாவு கிரைண்டரிலிருந்து வந்ததுதான். கோயம்புத்தூரில் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அதில் 24 மணி நேரம் விடாமல் ஓட்டுவோம்.

உங்கள் வீட்டு டேபிள் டாப் கிரைண்டரை அவ்வளவு நேரம் ஓட்டக் கூடாது, மோட்டார் தாங்காது. இரண்டு மணி நேரம், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். அதற்கு முன் பாத்திரத்தையும் கல்லையும் கழுவி, ஒரு நாள் முழுக்க மொட்டைமாடி வெயிலில் காயவையுங்கள். கல்லுக்கு நடுவில் இருக்கும் துளையில் ஒரு சொட்டு ஈரம் நின்றாலும் போச்சு. உருகின சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அந்த நிமிஷமே திரிந்த மாதிரி கட்டிபிடித்து, கரண்டியோடு சேர்ந்து உருண்டையாக எழுந்து வரும். எரித்ரிட்டாலை முதலில் மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறக்குமுன் ஐந்து நிமிஷம் பொறுங்கள், இல்லையென்றால் அந்தத் தூள் புகையாக எழும்பி மூக்கில் ஏறும். உருக்கிய மாஸ் 70 கிராம், கொக்கோ பட்டர் முழுவதும் கிரைண்டரில் விட்டு, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். கல் சூட்டிலேயே அது உருகி நிற்கும். மீதி 30 கிராம் மாஸைக் கத்தியால் சீவித் தனியே வையுங்கள், வேலை இருக்கிறது.

ஜில்லிப்பு எரித்ரிட்டாலின் குணம். எச்சிலில் கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். அளவைக் குறைத்தால் அதுவும் குறையும். ஒரு சிட்டிகை ஸ்டீவியா (இனிப்புத் துளசி) பொடி சேர்த்து ஈடுகட்டலாம், அதிகமானால் கசக்கும்.

இனி டெம்பரிங், அதாவது அளவாகச் சூடாக்கி ஆறவைத்து உறையவிடுவது. கொக்கோ பட்டர் ஆறு விதமாக உறையும். அதில் ஒரே ஒரு விதம்தான் பளபளப்பாக, உடைத்தால் 'டக்' என்று சத்தம் வருகிற மாதிரி, 34 டிகிரி வரைக்கும் தாங்குகிற மாதிரி நிற்கும். அதை வரவழைக்க 45-50 டிகிரிக்கு உருக்கி, சீவி வைத்த மாஸைப் போட்டுக் கிண்டிக்கொண்டே 28-க்கு இறக்கி, மறுபடி 31-32-க்கு ஏற்ற வேண்டும். விதையை இந்தக் கடைசிக் கட்டத்தில் கலந்து அச்சில் ஊற்றுங்கள். சமையலறை தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அது இல்லாத நாளில் நான் கீழுதட்டில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பேன். 31-ல் லேசாகக் குளிர்ச்சி தெரியும், சூடாகத் தெரிந்தால் இன்னும் ஆறவில்லை.

இது மே மாதம். விடியற்காலையில்கூட சென்னை 28-க்குக் கீழே அதிகம் இறங்காது. அதனால் ஏசி போட்ட படுக்கையறையில், 22 டிகிரியில், கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். சமையலறையில் நின்று செய்தால் எத்தனை முறை செய்தாலும் வராது.


எழும்பூர் வக்கீல்
மே 6, இரவு 9:30

அம்மாவுக்கு நான் சொல்கிறேன். என்டிபிஎஸ் என்கிற போதைப்பொருள் சட்டம், 1985. அதில் கஞ்சா என்பது கன்னாபிஸ் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதி. நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறையிலேயே விலக்கப்பட்டிருக்கின்றன. விதையில் போதை இல்லை. அதற்கு மேல் 2021 நவம்பரில் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஹெம்ப் விதை, விதை மாவு, விதை எண்ணெய் மூன்றையும் உணவாகவே ஒப்புக்கொண்டு விதிகள் போட்டது. போதை தரும் டிஹெச்சி என்ற பொருள் விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வித்யா போடுகிற 40 கிராம் விதையில் அதிகபட்சம் 0.2 மில்லிகிராம், அதுவும் இருபது துண்டுக்கும் சேர்த்து. பாக்கெட்டில் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வாட்ஸ்அப் செய்முறை வேறு கதை. "சும்மா ரெண்டு கிராம்தானே கலக்கிறோம்" என்று சின்னப் பையன்கள் என்னிடம் வந்து சொல்கிறார்கள். சட்டத்தின் வரையறை கஞ்சாவோடு நிற்கவில்லை. வேறு எந்தச் சாதாரணப் பொருளோடு கலந்த கலவையும் உள்ளே வருகிறது. உச்ச நீதிமன்றம் 2020-ல் ஹீரா சிங் வழக்கில் கலவையின் முழு எடையும்தான் கணக்கு என்று சொல்லிவிட்டது. ஐந்து கிராம் கஞ்சாவைப் போட்டு ஒன்றேகால் கிலோ சாக்லேட் செய்தால், கொக்கோவும் வெண்ணெயும் சேர்த்து ஒன்றேகால் கிலோதான் தராசில் ஏறும். கஞ்சாவுக்குச் சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை, அதற்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைத் தாண்டினால் பத்து வருடம் வரை போகலாம். வடக்கே சில மாநிலங்களில் அரசு உரிமத்தோடு பாங்கு (கஞ்சா இலையை அரைத்துச் செய்வது) விற்கிற கடை இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு இங்கே கணக்குப் போடாதீர்கள். பிடிபடும் பையன்களின் அம்மாக்கள் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்.


நாட்டு மருந்து சேகர்
மே 7, காலை 6:20

யாருமே சொல்லாத ஒரு ஆபத்து இருக்கிறது. தயவு செய்து எல்லோரும் படியுங்கள்.

ஹெம்ப் என்பதைத் தமிழில் தேடினால் 'சணல் விதை' என்று வருகிறது. நிறையப் பேர் அதை எழுதிக்கொண்டு எங்கள் கடைக்கு வருகிறார்கள். நம் ஊரில் சணல் என்றால் கோணிப்பை தைக்கிற நார். சணப்பை என்றால் வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிற செடி. அது அவரைக் குடும்பம், கன்னாபிஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆங்கிலத்தில் அதையும் 'சன் ஹெம்ப்' என்று சொல்வதால் வந்த குழப்பம் இது. சணப்பை விதையில் ஈரலைப் பாதிக்கும் நச்சு இருக்கிறது, மாடு தின்றாலே ஆகாது.

போன மாதம் ஒரு அம்மா விதைக் கடையில் அரைக் கிலோ வாங்கிவிட்டு, வறுத்துப் பொடி பண்ணலாமா என்று கேட்க என்னிடம் வந்தார். பையைப் பிரித்துப் பார்த்தேன். சிறுநீரக வடிவம், பளபளப்பான கரும்பழுப்பு. அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று உட்காரவைத்துச் சொல்லி அனுப்பினேன். ஹெம்ப் விதை அப்படி இருக்காது. தோலோடு இருந்தால் கொத்தமல்லி விதையைவிடச் சின்னதாக, உருண்டையாக, சாம்பல் நிறத்தில் புள்ளியும் வரியுமாக இருக்கும். தோல் நீக்கினது எள்ளு மாதிரி வெள்ளையும் பச்சையும் கலந்து, தொட்டால் மெத்தென்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது இந்தத் தோல் நீக்கினதுதான்.

கொத்தவால் சாவடிப் பக்கம் கேட்டால் ஆளி விதையைக் கொடுத்து இதுதான் என்பார்கள். ஆளி விதை உடம்புக்கு ஒன்றும் பண்ணாது, ஆனால் சாக்லேட்டில் போட்டால் வழவழப்பு வரும். அதனால் சீல் வைத்த பாக்கெட் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். தமிழிலும் 'ஹெம்ப் விதை' என்றே சொல்லுங்கள். இந்த ஒரு இடத்தில் மொழிபெயர்ப்பு வேண்டாம்.


பெரம்பூர் வித்யா
மே 7, காலை 9:15

சேகர் அண்ணா, கை நடுங்கிவிட்டது. நான் முதலில் தேடியதே 'சணல் விதை' என்றுதான். பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். வெள்ளையும் பச்சையும், மெத்தென்று இருக்கிறது, 14 இலக்க எண்ணும் இருக்கிறது. வக்கீல் சார் எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பாக்கெட் டிரம்முக்குப் பின்னாலிருந்து ஃப்ரிட்ஜுக்கு வந்துவிட்டது.


ஆதம்பாக்கம் ரவி
மே 7, மதியம் 1:40

ஃப்ரிட்ஜில் வைத்தது நல்லது. இந்த விதையில் எண்ணெய் அதிகம், நம் சூட்டில் வெளியே இருந்தால் சீக்கிரம் காறல் அடிக்கும். நல்ல விதை பிஸ்தா மாதிரி மணக்கும், கெட்டது பழைய பெயின்ட் டப்பா வாசம்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி. ஹெம்ப்தான் வேண்டுமா? நூறு கிராம் தோல் நீக்கிய ஹெம்பில் புரதம் 31 கிராம், கார்ப் 8.7, நார் 4, மிச்சம் 4.7. நம் பூசணி விதையில் புரதம் 30, கார்ப் 10.7, நார் 6, மிச்சம் அதே 4.7. கொழுப்பும் இரண்டிலும் 49. விலை? பாரிமுனையில் பூசணி விதை கிலோ வாங்குகிற காசுக்கு ஹெம்ப் கால் பாகம் வந்தால் பெரிசு. ஹெம்பில் ஒமேகா 3 இருக்கிறது, பூசணியில் அது பெயருக்குத்தான், அந்த வித்தியாசத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேலியோவில் ஏற்கெனவே மீனும் முட்டையும் சாப்பிடுகிற மனுஷருக்கு ஒரு சாக்லேட் துண்டில் இருக்கும் 2 கிராம் விதையால் என்ன வந்துவிடும்? பெயரில் இருக்கிற கவர்ச்சிக்குத்தான் காசு கொடுக்கிறோமோ என்று தோன்றுகிறது.


மந்தைவெளி லலிதா
மே 7, மாலை 5:05

வித்யா, உன் சொந்தக்காரர் சொன்ன "வெளிநாட்டில் எல்லோரும்" பற்றி எழுதலாம் என்று வந்தேன். என் பையன் பிராம்ப்டனில் இருக்கிறான், மூன்று முறை போய் ஆறாறு மாதம் இருந்தேன். அது கனடாவில் இருக்கிறது, அங்கே 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதித்தார்கள். சாப்பிடும் பண்டங்களுக்கு 2019-ல்தான் அனுமதி வந்தது. கடையில் விற்கிற ஒரு பாக்கெட்டில் டிஹெச்சி 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு துண்டுக்கு இல்லை, பாக்கெட்டுக்கே. கவர்ச்சியான படம், பளிச்சென்ற கலர் எதுவும் கிடையாது, சிவப்பு எச்சரிக்கைச் சின்னமும் மஞ்சள் கட்டத்தில் வாசகமும், குழந்தை திறக்க முடியாத உறையும் உண்டு. அனுமதித்த நாட்டிலேயே இவ்வளவு கட்டு.

பையனின் சிநேகிதன் ஒருத்தன், நல்ல பிள்ளை, ஒரு நாள் சாக்லேட் பாதி சாப்பிட்டிருக்கிறான். முக்கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை என்று மீதியையும், இன்னொன்றையும் சாப்பிட்டுவிட்டான். புகைத்தால் உடனே தெரியுமாம். வயிற்றுக்குள் போனால் ஈரல் வழியாகச் சுற்றி, இரண்டு மணி நேரம்கூட ஆகுமாம், பன்னிரண்டு மணி நேரம்கூட நிற்குமாம். ராத்திரி எங்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு "ஆன்ட்டி, என் நெஞ்சு ஓடுது, நான் செத்துருவேன்" என்று என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். விடியும்வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வயது இருபத்தேழு, ஆரோக்கியமான உடம்பு. உன் அப்பா ஸ்டென்ட் வைத்தவர் அம்மா.

அங்கே கடையில் அளந்து போட்டதற்கே இது. வீட்டில் கலக்கினால் ஒரு துண்டில் ஒன்றும் இருக்காது, அடுத்த துண்டில் எல்லாம் போய் உட்கார்ந்திருக்கும். வீட்டில் குழந்தை உண்டா? சாக்லேட் என்றால் குழந்தைக்குச் சாக்லேட்தான், வேறு எதுவும் தெரியாது.


திருவான்மியூர் கார்த்திக்
மே 7, இரவு 8:30

லலிதா அம்மா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இந்தச் செடியைப் பேய் மாதிரியே பேசுவதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் மாமா புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தபோது வாந்தியில் துவண்டு போனார். வெளிநாட்டில் அந்த வாந்திக்கு டிஹெச்சி மாத்திரையாகவே இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்புகளுக்கு, இதே செடியில் இருக்கிற போதை தராத சிபிடி என்ற பொருளை மருந்தாக அமெரிக்காவில் 2018-லேயே அனுமதித்தார்கள். சித்த மருத்துவத்திலும் சுத்திகரித்துப் பயன்படுத்தும் மருந்துகள் உண்டு. நம் ஊரிலும் 'விஜயா' என்ற பெயரில் ஆயுஷ் உரிமத்தோடு, மருத்துவர் சீட்டுக்கு இலைச் சாறு எண்ணெய் கிடைக்கிறது. வலியோடு இருக்கிற ஒருவர் அதைப் பற்றிக் கேட்டால் குற்றவாளி மாதிரி பார்க்கக் கூடாது.


நர்ஸ் ஸ்டெல்லா
மே 8, காலை 5:50

கார்த்திக் தம்பி, நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் எழுதுகிறேன். நீங்கள் சொன்னது எல்லாம் சரி. நீங்கள் சொன்ன எல்லாவற்றிலும் ஒரு மருத்துவர் இருக்கிறார், ஒரு அளவு இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்முறையில் அது இரண்டும் இல்லை.

வித்யா, அப்பா க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறாரா? ஸ்டென்ட் என்றதால் கேட்கிறேன். அந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாது, ஈரலில் ஒரு நொதி அதை மாற்றிய பிறகுதான் ரத்தம் உறையாமல் காக்கும். சிபிடி அதே நொதியைத் தடுக்கக்கூடியது. டிஹெச்சி இதயத் துடிப்பைக் கூட்டும். அதனால் விஜயா எண்ணெயாக இருந்தாலும் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டு வேண்டாம். தூக்கம் கெடுவதற்கு, ராத்திரி எத்தனை தடவை சிறுநீருக்கு எழுகிறார் என்று பாருங்கள். முழங்காலுக்குப் பிசியோதெரபி. அதெல்லாம் தனியாகப் பேசலாம்.

இங்கே யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. எரித்ரிட்டால். மால்டிடாலின் கிளைசெமிக் இன்டெக்ஸ் (ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்ற கணக்கு) 35 அளவுக்கு வரும், அதனால்தான் அந்த 196. எரித்ரிட்டால் சர்க்கரையை ஏற்றாது, உண்மை. ஆனால் 2023-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்திருந்தன. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, உடம்பே கொஞ்சம் எரித்ரிட்டால் தயாரிக்கும். இருந்தாலும் ஸ்டென்ட் வைத்தவருக்கு நான் சமைத்தால் தாராளமாகப் போட மாட்டேன்.


கொக்கோ கண்ணன்
மே 8, காலை 10:20

ஸ்டெல்லா சிஸ்டர் சொன்ன பிறகு என் அளவை மாற்றிக்கொள்கிறேன். 30 கிராம் வேண்டாம், 12 போதும், அதோடு ஸ்டீவியா ஒரு சிட்டிகை. கசப்பு முன்னால் வரும். அதற்கு வறுத்த விதையும் உப்பும் துணை நிற்கும். பூசணி விதையை வெறும் வாணலியில் படபடவென்று வெடிக்கும் வரை வறுங்கள். ஹெம்பை வறுக்காமல் கடைசியில் சேருங்கள். இரண்டிலும் பாதி பாதி போட்டால் ரவி அண்ணன் கணக்கும் தப்பாது.


பெரம்பூர் வித்யா
மே 14, இரவு 10:40

கண்ணன் சார், ஞாயிற்றுக்கிழமை செய்தேன். க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார் சிஸ்டர், அந்த வாட்ஸ்அப் பேச்சை அன்றோடு விட்டாயிற்று.

கிரைண்டரில் இரண்டு மணி நேரம் ஓடியது. முதல் அரைமணி பார்க்கவே பயமாக இருந்தது, சரசரவென்று சத்தம். பிறகு சத்தம் அடங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கல் எண்ணெயில் மிதக்கிற மாதிரி ஓசையே இல்லாமல் சுற்றியது. விரலில் தொட்டு வைத்தேன். மணல் இல்லை! ஒரே ஓட்டமாகப் போய் அப்பாவிடம் கரண்டியைக் கொடுத்தேன்.

ஆனால் டெம்பரிங்கில் தப்பு பண்ணிவிட்டேன். பொறுமை இல்லாமல் 35 டிகிரியிலேயே அச்சில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் மேலே எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. நான் ஆபீஸில் இருந்தபோது அம்மா பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்துப் பதினெட்டுத் துண்டையும் குப்பையில் போட்டுவிட்டார். வந்து பார்த்து அழுதுவிட்டேன். அது பூஞ்சைதானா?


கொக்கோ கண்ணன்
மே 15, காலை 7:30

பூஞ்சை இல்லை அம்மா, ஐயோ. கொக்கோ பட்டர் தப்பான விதத்தில் உறைந்ததால் மேலே பூத்து வந்தது. சாப்பிட்டிருக்கலாம், கட்டை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். விரலால் தேய்த்துப் பார்த்தால் மெழுகு மாதிரி கரைந்து மறையும். தேய்த்தும் சொரசொரப்பாக நின்றால் அது ஈரம் பட்டு இனிப்பு மேலே வந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே டப்பாவைத் திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுக்க அதன்மேல் வியர்வையாக உட்கார்ந்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள், எடுத்தால் இருபது நிமிஷம் மூடியபடியே வெளியே இருக்கட்டும், அப்புறம் திறங்கள்.

அடுத்த முறை அவசரம் வேண்டாம். 28-க்கு இறங்கினதும் பளபளப்பு கொஞ்சம் மங்கி, கரண்டி போட்ட கோடு ஒரு நொடி நின்று மறையும். அதைப் பார்த்த பிறகுதான் 31-க்கு ஏற்ற வேண்டும். கத்தி நுனியில் ஒரு தீற்று எடுத்து ஏசி அறையில் வையுங்கள், ஐந்து நிமிஷத்தில் வரிவரியாக இல்லாமல் உறைந்தால் ஊற்றலாம்.


பெரம்பூர் வித்யா
மே 25, மாலை 6:15

வந்துவிட்டது. படுக்கையறையில் ஏசி 22, கதவுக்குக் கீழே துண்டைச் சொருகி வைத்து, கட்டில்மேல் பேப்பர் விரித்துச் செய்தேன். கத்தி நுனியை இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். முதல் தடவை வரி இருந்தது, மறுபடி கிண்டினேன். அச்சைக் கவிழ்த்ததும் தானாகக் கழன்று விழுந்தது. உடைத்தால் நீங்கள் சொன்ன அதே சத்தம், அம்மா சமையலறையிலிருந்து "என்னடி உடைஞ்சது?" என்று கேட்டார்.

நாலு மணிக்கு இரண்டு துண்டு கொடுத்தேன். முன்னால் 128, இரண்டு மணி நேரம் கழித்து 134. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பூசணி விதையை மட்டும் நாக்கால் தனியாகப் பிரித்துக் கடைசியில் மென்றார், கடலை மிட்டாயையும் அப்படித்தான் சாப்பிடுவார். ரவி அண்ணா, அடுத்த முறை பூசணி மட்டும்தான், ஹெம்ப் பாக்கெட் தீர்ந்ததும் வாங்கப் போவதில்லை. சேகர் அண்ணா சொன்னதை எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், இரண்டு பேர் சணப்பை விதை வாங்கி வைத்திருக்கிறோம் என்று பதில் போட்டார்கள். தூக்கிப் போடச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் கண்ணன் சார். அப்பா ஒரு துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போகிறேன் என்கிறார், அங்கே அவர் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் சுகர். இந்த வெயிலில் பூங்கா வரைக்கும் தாங்குமா?


கொக்கோ கண்ணன்
மே 25, இரவு 7:00

உடம்புச் சூடு 37. சட்டைப் பையில் ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது. சின்ன எவர்சில்வர் டப்பாவை முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, நாலு துண்டு போட்டு, மேலே உலர்ந்த துணி சுற்றிக் கையில் கொடுத்தனுப்புங்கள். ஆறு மணிக்கு மேல் கிளம்பச் சொல்லுங்கள்.